மூதூர் லோஞ்ச் கட்டிக் கிடந்த நாள்

சென்ற மாதம் எங்கள் பழைய காலநிலைக் கந்தோரிலிருந்து ஓர் இளம் பெண் அவதானி என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார். கைப்பையில் புதிய சுற்றறிக்கை ஒன்றின் பிரதியைக் கொண்டுவந்திருந்தார். ஒரு நிலையத்தின் காற்றமுக்க வாசிப்பு அயல் நிலையங்களின் வாசிப்புகளோடு பொருந்தாதவிடத்து, தலைமைக் கந்தோர் தெளிவுபடுத்தும்வரை அதனை அனுப்பாது நிறுத்திவைக்க வேண்டும் என்பது அதன் சாரம். "உங்கட காலத்தில இப்படி ஒரு வாசிப்பு வந்தால் என்ன செய்தனீங்கள், மிஸ்?" என்று கேட்டார்.

தேநீர் கொடுத்து, எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஓய்வு பெற்ற பின் எந்தக் கேள்விக்கும் உடனே மறுமொழி சொல்ல எனக்கு ஏலாமல் இருக்கிறது. உத்தியோக காலம் முழுவதும், மழையென்றும் காய்ச்சலென்றும் பாராமல், குறித்த வேளைக்குள் ஒரு விடையை எழுதித் தந்தியில் சேர்த்துக்கொண்டிருந்தவள் நான். அந்த அவசரம் உடம்பை விட்டு இறங்கியதும், அதன் கீழே இத்தனை காலமும் இருந்த களைப்பு மட்டும் எஞ்சி நிற்கிறது. ஆனாலும் அந்தப் பிள்ளையின் கேள்வி நியாயமானது. அதற்கு என்னிடம் இருப்பது ஒரு நாளின் கதைதான்.

சுதந்திரம் கிடைத்துச் சில ஆண்டுகளுக்குப் பின் நான் எழுதுவினைஞராகச் சேர்ந்தேன். கணக்கில் கொஞ்சம் விருப்பம் இருந்ததால் அவதானிகளுக்கான பரீட்சை எழுதினேன். கொழும்பில் பயிற்சி, முகில்களின் பெயர்கள், ஐந்து ஐந்து இலக்கமாகக் கோத்து அனுப்பும் குறியீடு, மழைமானி, ஈரக்குமிழ் வெப்பமானி. பயிற்சியைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. பிறகு திருகோணமலைக்கு அனுப்பினார்கள். ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் ஒரு பழைய கட்டடம். அதில் உத்தியோகம் பார்த்த ஒரே பெண் நான்.

எங்கள் யன்னலில் நின்றால் உள்துறைமுகம் தெரியும். அழகான இடம் என்று வருகிறவர்கள் எல்லாரும் சொல்வார்கள். எங்களுக்கு அது உதவாத இடம். மலைகள் அணைத்து வைத்திருக்கிற அந்த நீர், வெளியே கடல் என்ன பாடு படுகிறது என்பதை ஒருபோதும் காட்டிக்கொடுப்பதில்லை. வெளிக்கடல் கொந்தளிக்கிற நாளிலும் உள்ளே தோணிகள் அசையாமல் நிற்கும். அதைப் பார்த்துப் பழகிய நகரத்து மனிதருக்கு எங்கள் எச்சரிக்கைகளில் பெரிய நம்பிக்கை இருந்ததில்லை. ஆகவே யன்னலை நம்பாமல், சுவரில் தொங்கிய, காற்றமுக்கத்தை அளக்கும் பாரமானியை நம்பவே நாங்கள் பழகினோம்.

பாரமானி வாசிப்பதைப் பார்த்தவர்கள் குறைவு என்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன். முதலில் அதனோடு பொருத்திய வெப்பமானியை வாசிக்க வேண்டும். நாம் அருகே நின்றால் நம் உடம்புச் சூடே அதை ஏற்றிவிடும். பிறகு பித்தளை உறையை விரல் நுனியால் மெதுவாகத் தட்ட வேண்டும். குழாயிலுள்ள பாதரசத்தின் முகடு தன் வடிவத்துக்கு வரும். கண்ணை அந்த மட்டத்துக்குக் கொண்டுவந்து, நகரும் சிறு அளவுகோலை இறக்கி, அதன் விளிம்பு முகட்டைத் தொட்டும் தொடாமலும் நிற்கிறபோது நிறுத்த வேண்டும். இரண்டுக்கும் இடையே வெளிச்சம் ஒரு நூலளவு தெரிந்தால் அது பிழை. முகடு மறைந்தாலும் பிழை. அதன் பிறகே திருத்தங்கள்: வெப்பத்துக்கு ஒன்று, கருவிக்கு ஒன்று, கந்தோர் கடல்மட்டத்துக்கு மேலே இருப்பதற்கு ஒன்று.

நம்முடைய பக்கத்தில் வானத்தின் அமுக்கம் ஒரு நாளில் இருமுறை ஏறி இருமுறை இறங்கும், கடலின் வற்றும் பெருக்கும் போல. காலையில் ஏறி, முற்பகலில் உச்சத்துக்கு வந்து, பிற்பகலில் தாழும். ஆதலால் அமுக்கம் குறைந்திருக்கிறது என்பது தனியே ஒரு செய்தி ஆகாது. நேற்று இதே வேளையில் எவ்வளவு, இன்று எவ்வளவு என்று பார்க்க வேண்டும். இது தெரியாத புதியவர்கள் பின்னேரந்தோறும் சூறாவளி கண்டு வெருளுவார்கள்.

வாசிப்பை அனுப்பிய பின், வானொலியில் வரும் மற்ற நிலையங்களின் இலக்கங்களைக் கேட்டு, துறைமுகத்துக்குக் காட்டுவதற்காக நாங்களும் ஒரு படம் வரைவோம். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு சிறு வட்டம். அதிலிருந்து காற்று வரும் திசைக்கு ஒரு கோடு. வலப்பக்க மேல்மூலையில் அமுக்கம். கப்பல்கள் அனுப்பும் செய்திகள் கடலின் நடுவே ஒன்று இரண்டாகக் கிடக்கும். பிறகு ஒரே அமுக்கமுள்ள ஊர்களை இணைத்துப் பென்சிலால் சமவமுக்கக் கோடுகள். கொழும்பிலே வரைவதுதான் உத்தியோகபூர்வமான படம். முன்னறிவித்தலும் எச்சரிக்கையும் அங்கிருந்துதான் வரவேண்டும். எங்கள் படம் வெறும் துணை.

எங்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் அருளம்பலம் சேர். வடமராட்சிக்காரர். வெள்ளைக் காற்சட்டை, பொத்தான் பூட்டிய சேட்டு, குரலை உயர்த்தாத மனிதர். அவதானியின் வாசிப்பைச் சரிபார்க்க வரும்போது, நாம் எழுதிய இலக்கத்தின்மேல் முதலில் மை ஒற்றுத்தாளை வைத்து மறைத்துவிடுவார். தானே வாசிப்பார். தன் இலக்கத்தைத் தனியே எழுதிய பிறகுதான் தாளை எடுப்பார். நம்முடையதைக் கண்டால் தன் கண்ணும் அதையே காணப் பார்க்கும் என்பது அவருடைய கட்சி. இரண்டும் ஒத்துவந்தால் ஒன்றும் சொல்லமாட்டார். ஒத்துவராவிட்டாலும் ஒன்றும் சொல்லமாட்டார். தாளை மறுபடி வைத்துவிட்டு, வாசிக்கும்படி நமக்குக் கையைக் காட்டுவார்.

நாளைக்கு மழை வருமா என்று யார் கேட்டாலும் அவர் வாய் திறந்ததில்லை. சந்தையிலே மரக்கறிக்காரி கேட்டாலும் இல்லை, மாவட்டத்து அரசாங்க அதிபரின் மனைவி கேட்டாலும் இல்லை. "நடந்ததைச் சொல்லத்தான் எங்களுக்குச் சம்பளம். நடக்கப்போறதைச் சொல்லுற ஆக்கள் கொழும்பில இருக்கினம்" என்பார். ஊரில் இது பகிடியாகிவிட்டது. அவர் வீட்டில் குடை இருக்கிறதா என்று பார்த்தால்தான் மழை தெரியும் என்று கடைத்தெருவில் கதைப்பார்கள்.

என் பக்கத்து மேசையில் மஜீத் இருந்தார். நகரத்து முஸ்லிம் குடும்பம்; வாப்பா இல்லை, தாயும் ஒரு தங்கச்சியும். கைகாரர். எதைக் கழற்றினாலும் பூட்டத் தெரிந்தவர். அந்த வருடம் மாரி தொடங்குமுன் கூரை ஒழுகி, பாரமானி தொங்கிய சுவர் ஈரம் குடித்துவிட்டது. பாரமானியை அடுத்த அறைக்கு மாற்றவேண்டி வந்தது. அதை அப்படியே தூக்கிப்போக முடியாது. மெல்லச் சரித்து, இரசம் குழாயை நிரப்பிய பின் தலைகீழாகப் பிடித்து நடக்க வேண்டும். கை ஆடினால் குழாயின் மேல்வெளிக்குள் காற்று நுழையக்கூடும். நுழைந்தால் அது இரசத்தைக் கீழே தள்ளி, அமுக்கத்தை எப்போதும் குறைத்தே காட்டும். அந்த வேலையை மஜீத்தான் செய்தார். மாற்றிய இடத்தில் அது ஒழுங்காகவே வாசித்தது. ஆனாலும் கொழும்பிலிருந்து பரிசோதகர் வந்து ஒப்பிட்டுப் பார்க்கும்வரை கருவித் திருத்தம் தற்காலிகமானது என்று எழுதி வைத்தோம். பரிசோதகர் வரவில்லை. அமுக்கத்தைத் தாளில் தானாக வரைகிற கருவியும் கடிகாரம் பழுதாகிக் கொழும்புக்குப் போயிருந்தது.

அந்தக் கார்த்திகையில் மஜீதின் தங்கச்சி சுலைகாவுக்குக் கலியாணம் பொருந்தியது. மாப்பிள்ளை மூதூர்ப் பக்கத்து வயற்காரக் குடும்பம். காசிம் என்று பெயர். கிழக்கிலே மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வருவார். கலியாணத்தன்று பகல் திருகோணமலையிலிருந்து லோஞ்ச் என்னும் இயந்திரப் படகு போய், பின்னேரம் மாப்பிள்ளையையும் அவருடைய ஆட்களையும் ஏற்றிக்கொண்டு கொட்டியாரக்குடாவைக் கடந்து வரவேண்டும். தரைவழி என்றால் ஆற்றுக்கு ஆறு, பாதை என்னும் மிதவையில் ஏறி இறங்க வேண்டும். மழைக்காலத்தில் அந்தப் பாதைகளும் நின்றுவிடும். இந்தச் சம்பந்தத்துக்காக மஜீத் நெடுநாள் அலைந்திருந்தார். மாப்பிள்ளையின் வாப்பா மானம் பார்க்கிற மனிதர் என்று என்னிடம் பலதடவை சொல்லியிருக்கிறார்.

மஜீத் லீவில் இருந்ததால் அன்று காலை வேலை எனக்கு. தூறல் இருந்தது, காற்று இல்லை என்றே சொல்லலாம். இருந்த கொஞ்சமும் வடமேற்கிலிருந்து வந்தது. காலையில் தரைக்காற்று அந்தப் பக்கமிருந்து வருவது வழமைதான். வெயில் ஏறும்போது அது விட்டு, வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து எழும்பவேண்டும். அன்று எழும்பவில்லை. முற்பகல் வாசிப்புக்குப் போனேன். அமுக்கம் ஏறியிருக்க வேண்டிய நேரம். விடியற்புற வாசிப்பை விடக் குறைந்திருந்தது. முந்தின நாளின் அதே வேளையோடு ஒப்பிட்டால் குறைவு இன்னும் பெரிது.

மீண்டும் வாசித்தேன். அதுதான். எழுதி, குறியீட்டில் கோத்து, தந்திக்குக் கொடுத்தேன். சற்று நேரத்தில் கொழும்பிலிருந்து தொலைபேசி. அன்று அங்கே கடமையில் இருந்தவர் கெட்டிக்காரர், மரியாதையானவர். அவரை நான் இன்றும் குறைசொல்லமாட்டேன். தாழமுக்கம் ஒன்று இருப்பது உண்மை, ஆனால் இரண்டு கப்பல்களின் செய்திப்படி அது தெற்கே தூரத்தில் கிடக்கிறது. மட்டக்களப்பும் முல்லைத்தீவும் வழமைபோல இருக்க, இடையிலே திருகோணமலை மட்டும் கிணறுபோல் தாழ்ந்து நிற்பது எப்படி என்று கேட்டார். இடம் மாற்றிய பாரமானி என்பது அவருக்கும் தெரியும். காற்று புகுந்திருக்கும், பாருங்கள் என்றார்.

அவர் சொன்னது நடக்கக்கூடியதே; தூக்கும்போது புகுந்த ஒரு சிறு குமிழ் நாள்கள் கழித்தும் மேலேறலாம். அமுக்கம் ஏறாமல் விட்டதற்குக் கருவியும் காரணமாகலாம், வானமும் காரணமாகலாம். படத்தைப் பார்த்தால் கருவி. பாரமானியைப் பார்த்தால் வானம்.

அருளம்பலம் சேர் வந்தார். ஒற்றுத்தாளை வைத்தார், வாசித்தார், எடுத்தார். இரண்டும் ஒன்று. பாரமானியைச் சரித்துப் பார்ப்போம் என்றார். காற்றுப் புகுந்ததா என்று அறிய ஒரு பழைய வழி உண்டு. கருவியை மெல்லச் சரித்தால் இரசம் ஏறிக் குழாயின் மேல்முனையில் முட்டும். மேலே வெற்றிடம் இருந்தால் முட்டும் ஒலி கூராகக் கேட்கும். காற்று இருந்தால் அது மெத்தைபோல் தாங்கிக்கொள்ளும், ஒலி மங்கும்.

அவர் சரிக்கத் தொடங்கியபோது மழை வலுத்தது. அந்த அறைக்குத் தகரக் கூரை. அவர் காதை உறையோடு வைத்துச் சரித்தார்; நிமிர்த்தினார்; மறுபடி சரித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, நான் காது வைக்க, தான் சரித்தார்.

அந்த நேரத்தில் நான் எதை விரும்பினேன் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மங்கிய ஒலி வேண்டுமென்று விரும்பினேன். கருவி பழுது என்றால் மாப்பிள்ளை வருவார், சுலைகாவின் வீட்டில் அடுப்பிலிருக்கும் சோறு வீணாகாது, மஜீத் அடுத்த கிழமை சிரித்த முகத்தோடு தன் மேசைக்கு வருவார். முந்தின நாள் பின்னேரம் அவர் வீட்டுக்குப் போய் மருதோன்றி இட்ட அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு வந்தவள் நான்.

"கேட்டனீங்களோ?" என்றார் சேர்.

"ஓம் சேர்."

"எனக்குக் கேட்கேல்லை. இந்தக் காது இப்ப கொஞ்ச நாளாச் சரியில்லை. எப்படிக் கேட்டது?"

"கூராத்தான் கேட்டது. கண்ணாடியில கரண்டி பட்ட மாதிரி."

அவர் இன்னொருமுறை கேட்கச் சொல்லவில்லை. இரசம் அமைதியாகும்வரை இருந்து, மறுபடி வாசித்தோம். இன்னும் இறங்கியிருந்தது. வாசிப்பு உறுதி என்று கொழும்புக்குச் சொன்னார். அங்கே நன்றி சொன்னார்கள். ஆனாலும் ஒரு நிலையத்தை வைத்துக்கொண்டு எச்சரிக்கை விடமுடியாது, அடுத்த படம் வரட்டும் என்றார்கள். அடுத்த படம் வரும்போது லோஞ்ச் குடாவின் நடுவே நிற்கும்.

சேர் ஒரு துண்டுத் தாளில் நேற்றைய வாசிப்பையும் இன்றைய வாசிப்பையும், காற்றின் திசையையும் எழுதினார். குடையை எடுத்தார். ஒலியைக் கேட்டவள் நான் என்பதால் என்னையும் வரச் சொன்னார். அவர் கடமை நேரத்தில் கந்தோரை விட்டு வெளியே போனதை நான் அதற்கு முன் கண்டதில்லை.

இறங்குதுறையில் லோஞ்ச் புறப்பட ஆயத்தமாக நின்றது. மாப்பிள்ளைக்காக அதன் கூரை விளிம்பில் கடதாசிப் பூக்கள் கட்டியிருந்தார்கள். மழையில் அவை சாயம் விட்டிருந்தன. உள்துறைமுகம் வழமைபோல் அசையாமல் கிடந்தது. மஜீத் புதுச் சாரமும் தொப்பியுமாக நின்று, சாமான்களை ஏற்றுவித்துக்கொண்டிருந்தார். எங்களை வாழ்த்த வந்தவர்கள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டு வந்தார்.

சேர் துறைமுகத்து உத்தியோகத்தரிடம் போய்த் தாளை வாசித்தார். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப லோஞ்சை நிப்பாட்டச் சொல்லுறீங்களோ?" என்றார்.

"அது என்ர வேலையில்லை."

"பின்னை என்னத்துக்கு மழையில நனைஞ்சு வந்தனீங்கள்?"

"வாசிப்பைச் சொல்லுறது என்ர வேலை."

உத்தியோகத்தர் சிரித்தார். கொழும்பிலிருந்து எச்சரிக்கை வராமல் லோஞ்சை நிறுத்தத் தனக்கு அதிகாரமில்லை. தண்டையல் விரும்பினால் நிற்கட்டும் என்றார். தண்டையல் என்பவர் லோஞ்சை ஓட்டுகிற முதியவர். மூதூர்க்காரர், மாப்பிள்ளை வீட்டுக்கு ஏதோ வழியில் சொந்தம். கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றவர், சேரிடம் வந்தார்.

"சேர், இந்தக் கணக்கு எனக்கு விளங்கா. உங்கட தங்கச்சிக்கு மாப்பிள்ளை இதில வாறதெண்டா, ஏத்துவீங்களா, மாட்டீங்களா?"

சேர் குடையைச் சுருக்கினார். மழையில் நின்றபடியே சொன்னார்:

"ஏத்தமாட்டன்."

வரப்போவதைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த சொல் என் காலத்தில் அது ஒன்றுதான். சொன்ன பிறகு, மற்றவர் வீட்டுக்குள் கேளாமல் நுழைந்துவிட்டவர்போல் நின்றார்.

மஜீதின் முகத்தைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அவர் கோபப்படவில்லை. கெஞ்சுவதுபோல், ஒரு வேலைக்காரன் இன்னொரு வேலைக்காரனோடு கதைப்பதுபோல் கதைத்தார். "சேர், அந்தப் பாரமானியைத் தூக்கினது நான். திருப்பக்குள்ள என்ட கை ஆடினது. நான் அப்ப ஒண்டும் சொல்லல்ல. காத்துப் புகுந்திருக்கும், சேர். அது என்ட பிழை."

கை ஆடவில்லை. நான் பக்கத்தில் நின்று பார்த்தவள். தன் தொழிலில் இல்லாத ஒரு பிழையைத் தன்மேல் போட்டுக்கொள்ள அவர் ஆயத்தமாக இருந்தார். சேர் என்னைப் பார்த்தார். மஜீதும் என் பக்கம் திரும்பினார்.

"சரிச்சுப் பாத்தீங்களா, மிஸ்?"

"ஓம்."

"ஆர் கேட்டது?"

"நான்தான்."

"மங்கலாக் கேட்டதா, கூராக் கேட்டதா?"

அங்கே நின்ற எல்லாரிலும் அந்தக் கேள்வியின் பொருள் எங்கள் மூவருக்கு மட்டுமே தெரியும். மங்கல் என்று நான் சொல்லியிருந்தால் அவர் லோஞ்சை அனுப்பியிருப்பார். ஊரில் ஒருவரும் என்னைக் கேட்டிருக்கமாட்டார்கள்.

"கூராத்தான் கேட்டது, மஜீத்."

அவர் லோஞ்சை ஒருமுறை பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றி நீரை உதறி, மறுபடி போட்டுக்கொண்டு, தண்டையலிடம் போனார். "கயித்தைக் கட்டுங்க, மாமா. நாளைக்குப் பாப்பம்" என்றார். மூதூர்த் தபாற்கந்தோருக்குத் தொலைபேசியில் சொல்வதற்கு அவரே நடந்து போனார். அந்தச் செய்தியை வேறொருவர் சொல்வது மரியாதையல்ல என்று நினைத்திருப்பார்.

பின்னேரம்வரை ஒன்றும் நடக்கவில்லை. அந்த நேரம்போல் நீண்ட நேரத்தை நான் பிறகு அனுபவித்ததில்லை. மழைகூட விட்டது. மேற்கே கொஞ்சம் வெளித்தது. கடைத்தெருவில் எங்களைப் பற்றிய பகிடி தொடங்கிவிட்டதாகக் கந்தோர்ப் பியோன் வந்து சொன்னார். சேர் தன் மேசையில் இருந்து பழைய படங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். நான் பாரமானியிடம் போவதும் வருவதுமாக இருந்தேன். அது இறங்கிக்கொண்டே இருந்தது. காற்று வடமேற்கிலிருந்து மேற்குக்குத் திரும்பியது. தாழமுக்கத்தின் மையம் எங்களுக்கு வடக்காகப் போகிறது என்பது அதன் பொருள்.

பொழுதுபடும் வேளையில் அது வந்தது. மேற்கிலிருந்து ஒரு பெருங்காற்று. அதன் பிறகு தென்மேற்கிலிருந்து இன்னும் பெரிது. நீண்ட நேரம் நிற்கவில்லை. சல்லி என்னும் மீனவ ஊரில் கரையில் இழுத்துவைத்த வள்ளங்களைப் புரட்டிப் போட்டது. திரியாய்ப் பக்கத்தில் வீட்டுக் கூரைகள் போயின. இறங்குதுறையில் கட்டிக்கிடந்த லோஞ்ச் இரவு முழுவதும் கல்லில் மோதிப் பக்கப் பலகை ஒன்று உடைந்தது. அது தாழவில்லை.

அது தாழாமல் விட்டதுதான் மஜீதுக்கு வினையாயிற்று. கட்டிக்கிடந்தே தாழாத லோஞ்ச் ஓடியிருந்தால் ஏன் தாழும் என்று மாப்பிள்ளையின் வாப்பா கேட்டார். பொழுதுபட முன்னம் கரைக்கு வந்திருப்போம் என்று கணக்குச் சொன்னவர்களும் இருந்தார்கள். வந்திருக்கலாம். இயந்திரம் ஒருதரம் நிற்காமல், மூதூரில் ஆட்கள் ஏறச் சுணங்காமல் இருந்தால் வந்திருக்கலாம். குடாவுக்குள் அன்று கடல் எப்படி இருந்தது என்று சொல்ல யாரும் அங்கே இருக்கவில்லை. பெண்ணின் தமையன் காலநிலைக் கந்தோரில் வேலை செய்துகொண்டு, கண்ணாடிக் குழாய் ஒன்றைக் காட்டி மாப்பிள்ளையின் லோஞ்சை மறித்தான் என்பதே மூதூரில் நின்ற கதை. சமைத்த சோறு கூரை போனவர்கள் தங்கியிருந்த பாடசாலைக்குப் போனது. கலியாணம் நிற்கும் என்றே எல்லாரும் நினைத்தார்கள். காசிம் மட்டும் பிடிவாதமாக நின்றதால், வெள்ளம் வடிந்த பிறகு, ஊர்வலமும் கொட்டும் இல்லாமல் அது நடந்தது. காசிமின் வாப்பா வரவில்லை. அவர் இறக்கும்வரை மஜீதோடு கதைக்கவுமில்லை.

லீவு முடிந்து மஜீத் வேலைக்கு வந்தார். என் மேசைக்கு வழமைபோல் தேநீர் கொண்டுவந்து வைத்தார். முற்பகல் வாசிப்புக்குப் போனவர், பாரமானியின் முன்னே வழமையை விடக் கூடுதலான நேரம் நின்றார். சரித்துப் பார்ப்பாரோ என்று நினைத்தேன். பார்க்கவில்லை. அந்த நாளைப் பற்றி நாங்கள் இருவரும் பிறகு கதைத்ததேயில்லை.

சில கிழமைகளின் பின் கொழும்பிலிருந்து திருத்திய படம் தபாலில் வந்தது. அன்று அங்கே வரைந்த முதல் படத்தில் எங்கள் வாசிப்பைச் சுற்றிச் சந்தேகக் குறி இருந்தது. சமவமுக்கக் கோடு அதைத் தொடாமல் வெளியே வளைந்து போயிருந்தது. திருத்திய படத்தில் குறி இல்லை. கோடு உள்ளே நெளிந்து, எங்கள் சிறு வட்டத்தை அணைத்துக்கொண்டு, திரியாய்க்கு வடக்கே மூடியிருந்தது. கடிதம் எதுவும் கூட வரவில்லை. சேர் அதை மற்றப் படங்களோடு அலுமாரியில் வைத்தார். அவர் அடுத்த ஆண்டு இளைப்பாறினார். பிரியாவிடையில் பேசியவர்கள் எவரும் அந்த நாளைக் குறிப்பிடவில்லை. அவரும் குறிப்பிடவில்லை.

சுற்றறிக்கையைப் பற்றிக் கேட்ட பிள்ளைக்கு: வாசிப்பை முதலில் அனுப்புங்கள், பிறகு சந்தேகியுங்கள். சந்தேகமும் வேலைதான், ஆனால் அது வாசிப்புக்குப் பின்னே வரவேண்டியது. அனுப்பாமல் வைத்திருக்கும் இலக்கம் அயலவரோடு பொருந்திக்கொள்ளப் பார்க்கும். கருவி மாறாது, நம் கண்தான் மாறும். இதற்காக யாரும் உங்களுக்கு நன்றி சொல்வார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். வாசிப்பு சரியாக இருந்து, அதனால் ஒன்றும் நடக்காமல் போனால், ஒன்றும் நடக்கவில்லையே என்றுதான் உங்களைக் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு மறுமொழி இல்லை. அதோடு பழகிக்கொள்ளத்தான் வேண்டும். எனக்கு அது கடைசிவரை பழகவில்லை.

நான் இளைப்பாறுவதற்குச் சில மாதம் முன்பு, சுலைகாவின் மூத்த மகளுக்குக் கலியாணம் என்று மஜீத் அழைத்தார். விருந்து முடிந்து கூட்டம் கலைந்த பின் சுலைகா என் பக்கத்தில் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். முகம் பருத்து, தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. எதிரே காசிம் பேரப்பிள்ளை முறையான ஒரு குழந்தையை மார்பில் கிடத்திக்கொண்டு, சாய்மனைக் கதிரையில் நித்திரையாகிவிட்டார். வாய் திறந்திருந்தது.

இவ்வளவு காலமும் யாரிடமும் சொல்லாததை அன்று நான் சுலைகாவிடம் சொன்னேன். லோஞ்ச் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. உன்னுடைய ஊர்வலத்தை ஒன்றுமில்லாததற்காக நிறுத்தினோமோ என்று சில நாள் நினைப்பு வரும், என்றேன்.

சுலைகா தன் புருஷனைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அதைத் தெரிஞ்சுகொள்ள ஒரு வழிதானே மிஸ் இருந்த" என்றார். "அந்த வழியால இவரை நீங்க வரவிடல்ல."

பிறகு எழும்பி, காசிமின் மார்பிலிருந்து குழந்தையை மெல்ல எடுத்து என் மடியில் வைத்துவிட்டு, எனக்கு வட்டிலப்பம் கொண்டுவரக் குசினிக்குப் போனார்.